புது ஃபைபர் வந்தாச்சு, எல்லாம் ஓடுது, பிரிண்டர் மட்டும் சேரமாட்டேங்குது

#1 காரைக்குடி டியூஷன் | செவ்வாய் இரவு 9:10

வணக்கம். வீட்டுல டியூஷன் எடுக்கறேன், ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும். 2019ல வாங்கின இங்க் டேங்க் பிரிண்டர் ஒண்ணு இருக்கு. திரை எல்லாம் கிடையாது, நாலஞ்சு பட்டன், ரெண்டு மூணு லைட், அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல மை தெளிக்கற தலையைச் சுத்தம் பண்ணதைத் தவிர ஒரு செலவு வச்சதில்ல.

சனிக்கிழமை பழைய நெட்டை எடுத்துட்டு ஃபைபர் போட்டோம். அவங்க பெட்டியிலயே வைஃபை இருக்கு. போன், டிவி, லேப்டாப் எல்லாம் சேர்ந்துருச்சு. பிரிண்டர் மட்டும் வைஃபை லைட்டைச் சிமிட்டிக்கிட்டே நிக்குது. மூணு தடவை ரீசெட் பண்ணேன். பாஸ்வேர்டு அடிக்காமலே சேர்க்கறதுக்குப் பெட்டியில இருக்கற டபிள்யூபிஎஸ் பட்டனை அமுக்கி, இதுலயும் அமுக்கிப் பார்த்தேன். போன்ல இருக்கற ஆப்பை அழிச்சுட்டு மறுபடி போட்டேன். ஒண்ணும் நடக்கல. லைன் போட வந்த தம்பி "பிரிண்டர் எங்க வேலை இல்லக்கா"ன்னு கிளம்பிட்டாரு. பிரிண்டருக்கு உதவி எண்ல கூப்பிட்டா, பழைய மாடல், புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்றாங்க.

ஞாயித்துக்கிழமை டெஸ்ட். 38 பிள்ளைங்க, ஆளுக்கு நாலு பக்கம். ஜெராக்ஸ் கடைக்குப் போனா கணக்குப் போட்டுக்கங்க. யாராவது வழி சொல்லுங்களேன்.

#2 ஈரோட்டு வயர்மேன் | செவ்வாய் இரவு 9:24

ரொம்ப சுலபம்ங்க. புதுப் பெட்டிக்கு பழைய வைஃபை பேரையும் பழைய பாஸ்வேர்டையும் வச்சு விட்டுருங்க. ஒரு எழுத்து மாறக்கூடாது, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. பிரிண்டருக்கு வீடு மாறினதே தெரியாது. நான் லைன் மாத்தற வீட்டுல எல்லாம் முதல்ல கேக்கறது இதைத்தான்.

#3 காரைக்குடி டியூஷன் | செவ்வாய் இரவு 9:31

ஐயோ, மூணு தடவை ரீசெட் பண்ணிட்டேனே அண்ணே. இப்ப அதுக்குப் பழைய பேர் ஞாபகம் இருக்குமா?

#4 ஈரோட்டு வயர்மேன் | செவ்வாய் இரவு 9:33

அப்ப இருக்காதுங்க. ரீசெட்டுக்கு முன்னாடி வந்திருக்கணும் நீங்க.

#5 பென்ஷன் பெரியவர் | செவ்வாய் இரவு 9:50

பிரிண்டர் பின்னாடி சதுர மூக்கு வச்ச ஒரு ஓட்டை இருக்கும். அதுக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் வாங்கி லேப்டாப்புல சொருகினால் வேலை முடிந்தது. 15 வருடமாக அப்படித்தான் செய்கிறேன். பாஸ்வேர்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். 5 மீட்டர் வரைக்கும் கேபிள் தாராளமாக வேலை செய்யும்.

#6 மைக்கூடு | செவ்வாய் இரவு 10:05

பெரியவர் சொல்றது ஞாயித்துக்கிழமை டெஸ்டுக்கு நல்ல காப்பு. கேபிள் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க டீச்சர், வீணாப்போகாது. ஆனா வைஃபையும் சரி பண்ணிடலாம். பிரிண்டர் சர்வீஸ்தான் என் பொழப்பு. "புதுசு வாங்குங்க"ன்னு சொல்ற கேஸ் பாதிக்கு மேல பெட்டி செட்டிங்லயே தீரும்.

நாலு கேள்வி. பதில் தெரிஞ்சா மேல போகலாம், அதுவரைக்கும் இன்னொரு ரீசெட் வேண்டாம்.

ஒண்ணு, பிரிண்டர் மேல ஒரு தாள் படம் போட்ட பட்டன் இருக்கும், நெட்வொர்க் ஸ்டேட்டஸ்னு சொல்வாங்க. அதை அமுக்கினா ஒரு பக்கம் அச்சாகும். அதுல ஒரு பிழை எண் இருக்கும், ஆங்கில ஈ எழுத்து போட்டு பக்கத்துல ஒரு எண். அது என்ன?

ரெண்டு, அதே பக்கத்துல வைஃபை பேர்னு என்ன அச்சாகியிருக்கு?

மூணு, புதுப் பெட்டியில வைஃபை பேர் ஒண்ணா, ரெண்டா? சிலதுல 5ஜின்னு கடைசியில ஒட்டிக்கிட்டு ரெண்டாவது ஒண்ணு இருக்கும். மொபைல் 5ஜி இல்ல அது, 5 கிகாஹெர்ட்ஸ்.

நாலு, பெட்டி வந்த அப்புறம் வீட்டுல யாராவது செட்டிங் மாத்தினாங்களா?

#7 பொட்டிக்கடை | செவ்வாய் இரவு 10:20

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். நம்மளுது சேரும், ஆனா கரன்ட் போய் வந்தா லேப்டாப்புல 'ஆஃப்லைன்'னு காட்டும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சில நாள் வரும், சில நாள் வராது. இதுவும் அதே கேஸா?

#8 மைக்கூடு | செவ்வாய் இரவு 10:26

வேற கேஸ், ஆனா டீச்சரும் கடைசியில அங்கதான் வருவாங்க. இருங்க, சேர்த்தே சொல்றேன்.

#9 காரைக்குடி டியூஷன் | புதன் காலை 6:15

பால் வாங்கிட்டு வந்ததும் முதல் வேலையா அந்தப் பக்கத்தை எடுத்தேன்.

பிழை எண் ஈ-2.

பேர் இருக்கவேண்டிய இடத்துல வெறும் கேள்விக்குறியா வரிசையா நிக்குது.

வைஃபை பேர் ஒண்ணே ஒண்ணுதான். அதை வச்சது என் பொண்ணு, ஏழாம் வகுப்பு. தமிழ்லயே வைக்கணும்னு ஒரே பிடிவாதம். முதல்ல 'எங்க அம்மா வீடு'ன்னு அடிச்சா, பெட்டி எடுத்துக்கல. அப்புறம் 'அம்மா வீடு'ன்னு வச்சா, எடுத்துக்கிச்சு. போன்ல எல்லாம் அழகாத் தெரியுது.

செட்டிங் மாத்தினது என் அண்ணன் பையன், கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் "அத்தை, இதைப் பலமாக்கி விட்டுருக்கேன்"னான். என்ன பலம்னு நான் கேக்கல.

#10 மைக்கூடு | புதன் காலை 7:40

டீச்சர், உங்க பிரிண்டர் மேல ஒரு குத்தமும் இல்ல.

பொண்ணு செஞ்ச வேலை நல்ல வேலைதான், பிரிண்டருக்குத்தான் புரியல. வைஃபை பேருக்கு மொத்தம் 32 பைட் இடம்தான். ஆங்கில எழுத்து ஒண்ணுக்கு ஒரு பைட். தமிழ்ல கம்ப்யூட்டர் கணக்கே வேற: புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி, ஒவ்வொண்ணும் 3 பைட். 'அம்மா வீடு' அப்படிப் பார்த்தா 9 துண்டு, 27 பைட், நடுவுல இடைவெளிக்கு ஒண்ணு, 28. உள்ள அடங்கிடுச்சு. 'எங்க' சேர்த்தா இன்னும் 13 கூடி 41. அதனாலதான் பெட்டி மாட்டேன்னுது. பொண்ணுகிட்ட சொல்லுங்க, அவ தப்பு இல்ல.

போனும் டிவியும் அந்த 28 பைட்டைத் தமிழாப் படிச்சுக்கும். திரையே இல்லாத இந்த மாதிரி பிரிண்டர்ல உள்ள இருக்கற மென்பொருள் ஆங்கில எழுத்தை மட்டும் எதிர்பார்க்கும். ஆப் அனுப்பின பேர் வழியில உடைஞ்சு கேள்விக்குறி ஆயிருச்சு. கேள்விக்குறிங்கற பேர்ல ஒரு வைஃபை உங்க தெருவுல இல்ல. ஈ-2ன்னா அதான் அர்த்தம். இந்த ரகத்துல ஈ-2, ஈ-3, ஈ-7 மூணும் ஒரு குடும்பம்: பேர் கிடைக்கல, இல்ல பாஸ்வேர்டு பொருந்தல.

இப்ப செய்யவேண்டியது: பெட்டி அடியில ஸ்டிக்கர் பாருங்க. 192.168.1.1 மாதிரி ஒரு எண்ணும், அட்மின் பேர், பாஸ்வேர்டும் இருக்கும். லேப்டாப் ப்ரவுசர்ல அந்த எண்ணை அடிச்சா பெட்டிக்குள்ள போகலாம். வைஃபை பகுதியில 2.4, 5ன்னு ரெண்டு அலைவரிசை இருக்கும், உங்க பிரிண்டருக்குத் தெரிஞ்சது 2.4 மட்டும். அந்த 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பேர் குடுங்க, ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், இடைவெளி கூட வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 'அம்மா வீடு' அப்படியே இருக்கட்டும். பிள்ளை ஆசையை ஏன் கெடுப்பானேன்.

#11 நள்ளிரவு நெட்வொர்க் | புதன் காலை 9:02

ரெண்டாப் பிரிக்கத் தேவையில்லையே? ஒரே பேரா இருந்தாலும் 2.4 மட்டும் தெரிஞ்ச பிரிண்டர் தானாவே அந்தப் பக்கம்தான் போகும், 5 அதோட கண்ணுக்கே தெரியாது. ரெண்டு பேர் வச்சா மத்த கருவிங்க எதுல இருக்குன்னு குழப்பம் வரும். இது பழைய கால வைத்தியம்.

#12 மைக்கூடு | புதன் காலை 9:30

சரியாச் சொன்னீங்க தம்பி, கொள்கைப்படி பிரிக்கவேண்டாம். ஆனா பிரிண்டர்ல திரை இல்ல, பேரை அதுக்குக் குடுக்கறது போன்ல இருக்கற ஆப். அந்த நேரம் போன் 5ல உட்கார்ந்திருந்தா, சில ஆப் "உன் நெட்வொர்க் இதுக்கு ஒத்துவராது"ன்னு அங்கேயே நின்னுடும். இன்னும் சில பெட்டி, 2.4ல வந்து கதவைத் தட்டறவனை "நீ அந்தப் பக்கம் போ"ன்னு தள்ளும், பிரிண்டருக்குப் போக வேற பக்கம் கிடையாது. சேர்ந்த அப்புறம் வேணும்னா ஒண்ணாக்கிக்கலாம். சேர்க்கற அன்னிக்குப் பிரிச்சு வச்சா பாதி தலைவலி இல்ல.

அப்புறம் டீச்சர், ஆப் வழியா சேர்க்கறப்ப ரெண்டு விஷயம். போன்ல மொபைல் டேட்டாவை அணைச்சுடுங்க. நடுவுல போன் நேரடியா பிரிண்டரோட சிக்னல்ல ஏறும், அதுல இன்டர்நெட் இருக்காது, "நெட் இல்லையே"ன்னு போன் தானா மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும், வேலை அந்தரத்துல நிக்கும். லொகேஷனை ஆன் பண்ணி வைங்க. பிரிண்டருக்கு எதுக்கு நம்ம இருப்பிடம்னு எல்லாரும் சந்தேகப்படுவாங்க. ஆண்ட்ராய்டுல பக்கத்துல என்ன வைஃபை இருக்குன்னு ஒரு ஆப் பார்க்கணும்னாலே அந்த அனுமதி கேக்கும், அதான் விஷயம். வேலை முடிஞ்சதும் அணைச்சுக்கங்க.

#13 வடமராட்சி | புதன் பகல் 1:15

எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான், ஆனா காரணம் வேற. ஆருக்கும் உதவும் எண்டு எழுதுறன்.

ஃபைபர்காரன் தந்த பெட்டிக்குப் பின்னால என்ர பழைய ரவுட்டரையும் கொழுவி வச்சிருந்தன், மேல்மாடிக்குச் சிக்னல் காணாது எண்டு. பிரிண்டர் பழைய ரவுட்டரில, மடிக்கணினி புதுப் பெட்டியில. ரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைச்சன். பிரிண்டர் சேர்ந்துதான் இருக்குது, லைட் பச்சையா நிக்குது, ஆனா கணினி "காணேல்ல" எண்டுது. பாத்தா ஐபி எண், அதாவது வீட்டு நெட்டில ஒவ்வொரு கருவிக்கும் குடுக்கிற முகவரி, ஒண்டில 192.168.0 எண்டு தொடங்குது, மற்றதில 192.168.1. ரண்டும் வேற வேற வளவு. இதில ஒரு விசித்திரம்: உள் ரவுட்டரில இருக்கிறது வெளி வளவுக்குப் போகலாம், வெளியில இருக்கிறது உள்ளுக்கு வரேலாது. பிரிண்டரை வெளிப் பெட்டியிலயும் கணினியை உள் ரவுட்டரிலயும் மாத்திப் போட்டு, ஐபி எண்ணை நேர குடுத்தா அடிச்சது!

பிறகு ஒழுங்கா, பழைய ரவுட்டரில டிஹெச்சிபியை, அதான் ஐபி எண் பங்கிடுற வேலையை, நிப்பாட்டி, பெட்டியில இருந்து வாற வயரை வான் (WAN, வெளி நெட்) துளையில இருந்து கழட்டி லான் (LAN, வீட்டு நெட்) துளையில கொழுவினன். இப்ப முழு வீடும் ஒரே வளவு.

இன்னொண்டு, அந்தப் பக்கத்தில ஐபி எண் 169.254 எண்டு தொடங்கினா, பிரிண்டருக்கு ரவுட்டர் முகவரி குடுக்கேல்ல, அது தானா ஒண்டை வச்சுக்கொண்டு இருக்குது எண்டு அர்த்தம். அதை வச்சுக்கொண்டு ஒண்டும் செய்யேலாது. ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ.

#14 காரைக்குடி டியூஷன் | புதன் இரவு 8:45

பிள்ளைங்க போன அப்புறம் உட்கார்ந்தேன். உள்ள போயாச்சு. 2.4க்கு 'டியூஷன்24'ன்னு ஆங்கில எழுத்துல வச்சேன். மொபைல் டேட்டா ஆஃப், லொகேஷன் ஆன், போனை 'டியூஷன்24'ல சேர்த்துட்டு ஆப்பைத் திறந்தேன். கடைசி வரைக்கும் போச்சு. அப்புறம் 'இணைக்க முடியவில்லை'.

மறுபடி அந்தப் பக்கத்தை அச்சடிச்சேன். பேர் இப்ப ஒழுங்கா வந்திருக்கு. ஆனா பிழை எண் ஈ-5.

பேப்பர் செலவாகுதேன்னு வீட்டுக்காரர் பார்க்கறாரு.

#15 மைக்கூடு | புதன் இரவு 8:58

அருமை! எண் மாறினதே முன்னேற்றம்தான். கதவைக் கண்டுபிடிச்சுருச்சு, பூட்டு மட்டும்தான் பாக்கி. ஈ-5ன்னா பாதுகாப்பு முறை பொருந்தல. இப்பதான் அண்ணன் பையன் "பலமாக்கினது" என்னன்னு தெரியுது. அதே வைஃபை பக்கத்துல செக்யூரிட்டின்னு இருக்கும். அதுல டபிள்யூபிஏ3ன்னு இருக்கா பாருங்க.

#16 காரைக்குடி டியூஷன் | புதன் இரவு 9:04

இருக்கு! ரெண்டு பக்கத்துலயும் அதான்.

#17 மைக்கூடு | புதன் இரவு 9:20

அதேதான். டபிள்யூபிஏ3 வந்தது 2018ல. உங்க பிரிண்டர் வாங்கினது 2019னாலும் அந்த மாடலை வடிவமைச்சது அதுக்கு முன்னாடி. அதுக்குத் தெரிஞ்சது டபிள்யூபிஏ2 வரைக்கும்தான், அது 2004 சரக்கு. போன், லேப்டாப், டிவி எல்லாம் புதுசுங்கறதால ஏறிக்கிச்சு. வீட்டுல ஒரு பழைய டிவி இருந்திருந்தா அதுவும் இதோட சேர்ந்து நின்னிருக்கும், நீங்களும் பிரிண்டரைத் திட்டியிருக்க மாட்டீங்க.

டபிள்யூபிஎஸ் பட்டன் ஏன் வேலை செய்யலங்கறதும் இதுலயே தெரியுது. டபிள்யூபிஏ3 மட்டும்னு வச்சா அந்தப் பட்டன் செத்துரும், சும்மா அமுக்கிக்கிட்டே இருக்கவேண்டியதுதான். மத்தபடி அது வேலை செய்யற பெட்டியில, அமுக்கின 2 நிமிஷத்துக்குள்ள மறுபக்கமும் அமுக்கணும். மாடில பெட்டி, கீழ பிரிண்டர்னா ஓடணும்.

2.4 பக்கத்துல மட்டும் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்னு இருக்கறதைத் தேர்ந்தெடுங்க. டிகேஐபின்னு பழைய பூட்டு முறை ஒண்ணு காட்டும், அதைத் தொடாதீங்க. 5 பக்கம் அப்படியே இருக்கட்டும்.

#18 நள்ளிரவு நெட்வொர்க் | புதன் இரவு 9:41

ஒரு பிரிண்டருக்காக வீட்டுப் பாதுகாப்பைக் குறைக்கணுமா? 2017ல டபிள்யூபிஏ2ல க்ராக்னு ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்களே. பழைய பிரிண்டருக்கு அப்டேட்டும் வராது. 2, 3 ரெண்டும் கலந்த முறை ஒண்ணு இருக்கே, அதை வைக்கலாமே?

#19 மைக்கூடு | புதன் இரவு 10:10

கலந்த முறை நல்ல யோசனை, முதல்ல அதை வச்சுப் பார்க்கலாம், தப்பில்ல. சில பழைய பிரிண்டர் அதுல ஏறிக்கும். சிலது, அந்த முறையில கூட வர்ற கூடுதல் அறிவிப்பைப் பார்த்து மிரண்டு விலகிடும். டீச்சருக்கு ஞாயித்துக்கிழமை டெஸ்ட் இருக்கு தம்பி, சோதனைச்சாலை நடத்த நேரமில்ல.

க்ராக் உண்மைதான். அதைச் செய்யறவன் உங்க வைஃபை எட்டற தூரத்துல வந்து நிக்கணும், போன் லேப்டாப் பக்கம் அதுக்கான அடைப்பு எப்பவோ வந்தாச்சு. காரைக்குடியில பத்தாம் வகுப்பு வினாத்தாளுக்காக ஒருத்தன் ஜன்னல் ஓரமா லேப்டாப்போட நின்னா, அவன் பத்தாம் வகுப்புப் பையனாத்தான் இருப்பான். பாஸ்வேர்டை மட்டும் நல்லா வைங்க. 8லருந்து 63 எழுத்து வரைக்கும் வைக்கலாம், செல் நம்பரை வைக்காதீங்க, தெருவுக்கே தெரியும்.

கெஸ்ட் நெட்வொர்க்னு பெட்டியில ஒண்ணு இருக்கும், பிரிண்டரை அதுல தள்ளி விடலாம்னு சிலபேர் சொல்வாங்க. வேண்டாம். கெஸ்ட்டுல இருக்கறது வீட்டுல இருக்கற மத்ததைப் பார்க்கக்கூடாதுன்னுதான் அதைப் பண்ணியிருக்காங்க. பிரிண்டர் அங்க சேரும், யாருக்கும் அச்சடிக்காது.

#20 நள்ளிரவு நெட்வொர்க் | புதன் இரவு 10:15

:) சரி, ஒத்துக்கறேன். பாஸ்வேர்டு பெருசா இருக்கட்டும்.

#21 காரைக்குடி டியூஷன் | புதன் இரவு 10:52

லைட் நின்னுருச்சு!!! சிமிட்டல. போன்லருந்து ஒரு பக்கம் அடிச்சேன், வந்துருச்சு. முதல்ல கலந்த முறைதான் வச்சேன், வரல. டபிள்யூபிஏ2 மட்டும்னு வச்சதும் ஒரே தடவையில ஏறிக்கிச்சு. பொண்ணு தூங்கிட்டா, எழுப்பிச் சொல்லலாமான்னு இருக்கு.

ஆனா லேப்டாப்புல இன்னும் 'ஆஃப்லைன்'தான். போன்ல வருது, இதுல வரல. வினாத்தாள் எல்லாம் லேப்டாப்புலதான் இருக்கு.

#22 பென்ஷன் பெரியவர் | வியாழன் காலை 5:20

கேபிள் என்றேன்.

#23 மைக்கூடு | வியாழன் காலை 8:05

ஹா ஹா. பெரியவரே, இன்னும் ஒரே ஒரு படி.

பொட்டிக்கடை அண்ணாச்சி, நீங்களும் வாங்க, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

போன் ஒவ்வொரு தடவையும் "வீட்டுல பிரிண்டர் யாருப்பா?"ன்னு கூப்பிட்டுக் கேக்கும். பிரிண்டர் கை தூக்கும். அதனால முகவரி மாறினாலும் போனுக்குக் கவலை இல்ல. விண்டோஸ் லேப்டாப்புல பல நேரம் அப்படி இல்ல. முதல் முதல்ல சேர்த்த அன்னிக்கு இருந்த ஐபி எண்ணை எழுதி வச்சுக்கிட்டு, காலத்துக்கும் அந்த வாசல்லயே போய்த் தட்டும். டீச்சரோட பழைய ரூட்டர் வேற வரிசை எண் குடுத்திருக்கும், புதுப் பெட்டி 192.168.1 வரிசை. பழைய வாசல்ல இப்ப ஆளே இல்ல, ஆஃப்லைன்னு சொல்லாம என்ன சொல்லும்?

அண்ணாச்சி வீட்டுல பெட்டி அதேதான், வரிசையும் அதேதான். ஆனா கரன்ட் போய் வரும்போது எல்லாக் கருவியும் ஒண்ணாப் போய்ப் பெட்டிகிட்ட எண் கேக்கும். சில பெட்டி பழைய பட்டியலை மறந்துட்டு, முதல்ல வந்தவனுக்கு முதல் எண்ணுன்னு குடுக்கும். நேத்து பிரிண்டருக்கு இருந்த எண் இன்னிக்கு டிவிக்குப் போயிருக்கும். லேப்டாப் டிவிகிட்ட போய் அச்சடின்னு கேட்டுக்கிட்டிருக்கும்.

முதல்ல வாசலை மாத்தணும். பிரிண்டர்ல அதே பட்டனை அமுக்கி எடுத்த பக்கத்துல இப்ப இருக்கற ஐபி எண் அச்சாகியிருக்கும், அதைக் கையில வச்சுக்கங்க. லேப்டாப்புல செட்டிங்ஸ், ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், அதுக்குள்ள பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ். உங்க பிரிண்டரை அமுக்கி, பிரிண்டர் ப்ராப்பர்டீஸ். பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ்னு பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கும், எல்லாரும் அதுக்குள்ள போய்த்தான் தொலைவாங்க, அது வேற. ப்ராப்பர்டீஸ்ல போர்ட்ஸ்னு ஒரு தாவல். ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட், புது எண்ணை அடிங்க. முடிஞ்சது.

அப்புறம் அந்த எண் ஓடிப்போகாம கட்டிப்போடணும். பெட்டிக்குள்ள லான் அல்லது டிஹெச்சிபி பகுதியில ரிசர்வேஷன்னு இருக்கும், சிலதுல ஸ்டாடிக் லீஸ்னு இருக்கும். பிரிண்டரோட மேக் முகவரியும், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் பிறக்கும்போதே வர்ற தனி எண்ணும், அந்தப் பக்கத்துலயே அச்சாகியிருக்கும். ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா, எத்தனை தடவை கரன்ட் போனாலும் அந்த எண் பிரிண்டருக்குத்தான். பிரிண்டர்லயே எண்ணை நிலையா எழுதி வைக்கற வழியும் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த தடவை நெட்டை மாத்தறப்ப அது பழைய வரிசையையே பிடிச்சுக்கிட்டு நிக்கும், அப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது.

#24 ஈரோட்டு வயர்மேன் | வியாழன் காலை 8:30

ஒண்ணு சேர்த்துக்கறேன்ங்க. போர்ட் மாத்தியும் ஆஃப்லைன்னு காட்டினா, அதே இடத்துல கன்ஃபிகர் போர்ட்டுக்குள்ள எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்னு ஒரு டிக் இருக்கும், பிரிண்டர் எப்படி இருக்குன்னு விண்டோஸ் கேக்கற கேள்வி அது, அதை எடுத்து விடுங்க. பிரிண்டர் அதுக்குப் பதில் சொல்லலன்னா விண்டோஸ் தப்பா ஆஃப்லைன்னு முடிவு பண்ணிடும். அப்புறம் பிரிண்ட் வரிசை ஜன்னல்ல யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்னு டிக் விழுந்திருக்கான்னு பாருங்க. யாரோ எப்பவோ தெரியாம அமுக்கியிருப்பாங்க.

முக்கியமா டீச்சர், போர்ட்டை மாத்தறதுக்கு முன்னாடி வரிசையில நிக்கற பழைய வேலையை எல்லாம்

#25 ஈரோட்டு வயர்மேன் | வியாழன் காலை 8:31

பாதில அனுப்பிட்டேன். பழைய வேலையை எல்லாம் கேன்சல் பண்ணிட்டு மாத்துங்க.

#26 காரைக்குடி டியூஷன் | வியாழன் காலை 8:34

அண்ணே, லேட். மைக்கூடு சார் எழுதினதைப் படிச்ச உடனே மாத்திட்டேன்.

சனிக்கிழமையிலருந்து நேத்து வரைக்கும் வருதா வருதான்னு நான் அமுக்கின ஒவ்வொண்ணும் உள்ள காத்துக்கிட்டு இருந்திருக்கு. ஒளியியல் வினாத்தாள் 11 தடவை, என் பொண்ணு அடிச்ச ஒரு பூனைப் படம் 3 தடவை, மின்கட்டண ரசீது, எல்லாம் வரிசையா வந்துக்கிட்டு இருக்கு. நிறுத்தத் தெரியாம பேப்பர் தட்டை உருவிட்டேன். இப்ப பேப்பர் இல்லைன்னு சிவப்பு லைட் எரியுது.

#27 மைக்கூடு | வியாழன் காலை 8:40

தட்டை உருவினது சரியான முதலுதவி. இப்ப லேப்டாப்புல வரிசையைத் திறந்து எல்லாத்தையும் கேன்சல் பண்ணுங்க. ஒண்ணு ரெண்டு 'டிலீட்டிங்'னு சொல்லிக்கிட்டே போகாம நின்னா, லேப்டாப்பை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க, போயிரும். பிரிண்டரையும் அணைச்சு ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்க, அதுக்குள்ள இருக்கற மிச்சமும் கழியும்.

வந்த வரைக்கும் தூக்கிப் போடாதீங்க, பின்பக்கம் வெள்ளைதானே.

#28 பொட்டிக்கடை | வியாழன் பகல் 12:10

சார், நம்மகிட்டயும் ரிசர்வேஷன் போட்டாச்சு. நீங்க சொன்னது நிஜம், பழைய எண்ணை அடிச்சுப் பார்த்தா டிவி பெட்டிதான் அதுல உட்கார்ந்திருந்தது. வேணும்னே மெயின் ஸ்விட்சை அணைச்சுப் போட்டுப் பார்த்தேன், ரெண்டு தடவை. பிரிண்டர் அதே எண்லதான் வருது. வீட்டுல திட்டு வாங்கினதுதான் மிச்சம், சீரியல் ஓடிக்கிட்டிருந்தது.

ஒரு சந்தேகம். முன்ன ஜிமெயில்லருந்தே எங்க இருந்தாலும் வீட்டு பிரிண்டருக்கு அனுப்பலாமே, கூகுள்ல ஒண்ணு இருந்தது. அது இப்ப எங்க?

#29 நள்ளிரவு நெட்வொர்க் | வியாழன் பகல் 12:25

கூகுள் கிளவுட் பிரிண்ட். 2020 டிசம்பர் 31ஓட மூடிட்டாங்க. இப்ப ஒவ்வொரு பிரிண்டர் கம்பெனியும் தனித்தனியா ஒரு சேவை வச்சிருக்கு, கணக்குத் தொடங்கணும். வீட்டுக்குள்ள இருந்தே அடிக்கறதுன்னா ஆண்ட்ராய்டுல மொப்ரியாங்கற ஆப் போதும், ஐபோன்னா ஏர்பிரிண்ட் உள்ளயே இருக்கு.

#30 வடமராட்சி | வியாழன் பின்னேரம் 5:40

டீச்சர், மடிக்கணினியில புது வைஃபை சேரேக்க 'பப்ளிக்' எண்டு விட்டிருந்தா 'பிரைவேட்' எண்டு மாத்தி விடுங்கோ. பப்ளிக்கில கிடந்தா விண்டோஸ் பக்கத்தில இருக்கிறதைத் தானாத் தேடாது. இப்ப ஐபி குடுத்துச் சேர்த்தபடியால் உங்களுக்கு அடிக்கும், ஆனா நாளைக்கு ஸ்கான் செய்யப் போகேக்க "காணேல்ல" எண்டு நிக்கும். எனக்கு நிண்டது.

#31 காரைக்குடி டியூஷன் | சனி மாலை 6:30

152 பக்கம், எல்லாம் அடிச்சாச்சு. நடுவுல ஒரு தடவை கரன்ட் போச்சு, வந்ததும் விட்ட இடத்துலருந்து எடுத்துக்கிச்சு. வடமராட்சி அண்ணா சொன்ன மாதிரி பிரைவேட் ஆக்கினதும் ஸ்கேனும் வருது, அதுவரைக்கும் நான் அதை முயற்சியே பண்ணல, நீங்க சொல்லலன்னா அடுத்த வாரம் இன்னொரு இழை போட்டிருப்பேன்.

ஐபி எண், மேக் முகவரி, 2.4 பேர், பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி பிரிண்டருக்கு அடியில ஒட்டிட்டேன். வயர்மேன் அண்ணே, அடுத்த தடவை நெட்டை மாத்தினா முதல்ல உங்க வழிதான், ரீசெட்டுல கையே வைக்கமாட்டேன்.

அண்ணன் பையனுக்கு போன் போட்டேன். "அத்தை, டபிள்யூபிஏ2வா வச்சீங்க?"ன்னு அதிர்ச்சியாக் கேட்டான். அடுத்த லீவுக்கு வரப்ப பெட்டி பாஸ்வேர்டைக் குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டேன்.

பொண்ணு 5 பக்கம் பேரை மாத்திட்டா. இப்ப 'அம்மா பள்ளி'. எத்தனை பைட்னு அவளே விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டுத்தான் வச்சா, 31.

#32 பென்ஷன் பெரியவர் | சனி இரவு 7:05

நல்லது அம்மா. கேபிள் வாங்கினாயா?

#33 காரைக்குடி டியூஷன் | சனி இரவு 7:20

வாங்கிட்டேன் ஐயா. மேசை டிராயர்ல இருக்கு.